டெல்ராய் முப்பத்தொரு முறை திருப்பிப் போட்ட பாட்டு

எங்கள் கொடிமரத்துறை மாதா கோயில் கோபுரத்துக் கடிகாரம் இரண்டு மணி நேரம் நான்கு நிமிடம் பின்தங்கி ஓடுவதைப் பார்த்து வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சிரிப்பார்கள், சிலர் ஏணி கொடுத்தால் நாங்களே ஏறிச் சரி செய்துவிடுகிறோம் என்றுகூடச் சொல்வார்கள். ஏணி இருக்கிறது, முள்ளைத் திருப்பத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அந்த இரண்டு மணி நான்கு நிமிடம் எங்கே போனது என்று எங்களுக்குத் தெரியும் என்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை.

எங்கள் ஊரில் எந்தச் செய்தியானாலும் கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கரில்தான் வரும். கரண்ட் நிற்கப் போவதும், யாரோ ஒருத்தியின் கம்மல் தொலைந்துபோனதும், கடலில் காற்று கூடப் போவதும், ஒருவர் இறந்துபோனதும் அதில்தான் வரும், வருவதற்கு முன்னால் முழுதாக ஒரு பாட்டு போட வேண்டும், அந்தப் பாட்டு ஓடும் நேரத்துக்குள் ஊர் தன் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கத் தயாராகிவிடும். ஸ்பீக்கரைக் கவனித்துக்கொள்கிற கஸ்பார் பல வருடங்களாக ஒரே மாதா பாட்டைத்தான் போட்டுவந்தான், ஒரு நாள் உப்புக்காற்றில் அவனுடைய சிடி பிளேயர் செத்துப்போனதும், கப்பலில் ஃபிட்டராக வேலை பார்த்த மச்சான் கொடுத்த பழைய போனை வயரில் மாட்டினான். மச்சானின் கப்பல் பழுதாகி ஜமைக்காவில் மூன்று வாரம் நின்றிருந்தது, அந்த மூன்று வாரமும் அவன் கேட்டுக்கொண்டிருந்த ஆன்லைன் ரேடியோ அந்தப் போனில் அப்படியே கிடந்தது, நெட் வந்ததும் தானாகத் திறந்துகொண்டது, மாதா பாட்டுக்குப் பதிலாக ரெக்கே, டான்ஸ்ஹால் என்கிற அந்தத் தீவுப் பாட்டுகள் எங்கள் கடற்கரையில் இறங்கின.

அந்தப் பாட்டுகளின் அடிச்சத்தம் காதுக்கு முன்னால் மணலுக்குத்தான் கேட்டது. கூடைகள் அதிர்ந்தன, டீக்கடைக் கண்ணாடிக் கிளாஸ்கள் ஒன்றையொன்று உரசின, நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவதுபோல இருந்தது என்று பெண்கள் சொன்னார்கள். பாட்டுகளுக்கு நடுவே கரகரத்த குரலில் ஒருவன் பேசினான், அவன் பெயர் டெல்ராய் என்று கல்லூரியில் ஆங்கிலம் படிக்கும் பெனிட்டா கேட்டுச் சொன்னாள், அங்கே இரவு ஒன்பதரைக்கு அவன் உட்காரும்போது இங்கே காலை எட்டு மணி, மீன் ஏலம் தொடங்கும் நேரம்.

முதல் புல்லப்பு ஒரு செவ்வாய்க்கிழமை விழுந்தது. பாட்டு பாதியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது டெல்ராய் பாடுகிறவனுக்கு மேலே கத்தினான், ஒரு ஊதுகுழல் மூன்று முறை அலறியது, இசைத்தட்டு பின்னோக்கி உராயும் சத்தம் கேட்டது, பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது, அதோடு எங்கள் ஊரும் தொடங்கியது. குடித்திருந்த டீ கிளாஸுக்குத் திரும்பி, கிளாஸிலிருந்து சட்டிக்குப் போனது. தண்ணீர்க்குடத்தோடு வாசலை எட்டிய பெண்கள் குழாயடியில் காலிக்குடத்தோடு நின்றார்கள். மணலில் செத்துக்கிடந்த சீலா மீன் வாயைத் திறந்து காற்றைத் தேடியது. பாட்டு தொடங்கியபோது எது எங்கே இருந்ததோ அங்கே போய்விட்டது, எங்கள் நினைவு மட்டும் போகவில்லை.

அந்த நாட்டில் ஒரு பாட்டு ரொம்பப் பிடித்துவிட்டால் அது முடியும்வரை ஆட்களுக்குப் பொறுமை இருக்காது, திருப்பிப் போடச் சொல்லிக் கூச்சல் போடுவார்கள், போடுகிறவனும் பாதியிலேயே தட்டைப் பின்னுக்கு இழுத்து மறுபடி தொடங்குவான், அதற்குத்தான் ‘புல் அப்’, எங்கள் வாயில் புல்லப்பு, என்று பெயர் எனப் பெனிட்டா விளக்கினாள். அது ஏன் எங்கள் ஊரையும் சேர்த்து இழுக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய வேறு விஷயங்கள் நிறைய இருந்தன.

திருமணத்தை முதலில் பேசினார்கள், ஏனென்றால் ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி ஒரே காலையில் மூன்று முறை ஏறி இறங்கியது, அன்றிலிருந்து பங்குச் சாமியார் திருமணங்களை டெல்ராய் தூங்கும் மாலை நேரத்துக்கு மாற்றினார். முதல் தடவை சொன்னதை இரண்டாம் தடவையில் குத்திக்காட்டக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது, அதனால் பல வீடுகளில் சண்டை குறைந்தது, சில வீடுகளில் பாட்டு ஓடும்போது மட்டும் மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டு ஊதுகுழலுக்காகக் காத்திருக்கிற பழக்கமும் வந்தது. கோபுரத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து, தரையைத் தொட்டு, ஊதுகுழல் அலறியதும் மறுபடி உச்சியில் நின்று, ஏணி வழியாக மெதுவாக இறங்கி வீட்டுக்குப் போனார், அதன்பிறகு நாற்காலியில்கூட ஏறவில்லை. ஊர்க் கடிகாரங்களும் ஒவ்வொரு புல்லப்புக்கும் நான்கு நிமிடம் பின்னுக்குப் போயின, வெளியே உலகம் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது, டவுன் பஸ் நேரத்துக்கு முன்னால் வருவதாக நாங்களும், நாங்கள் நேரம் கழித்து வருவதாகக் கண்டக்டரும் திட்டிக்கொண்டோம்.

ஊரில் சரியான நேரம் ஒருவரிடம்தான் இருந்தது. வலை பொத்துகிற சூசைக்குப் பத்து வயதில் காய்ச்சல் வந்து காது போய்விட்டது. ஊதுகுழல் அவருக்குக் கேட்காது, அதனால் அது அவரைத் தொடாது. கையில் இருக்கும் வலை மட்டும் தானாகப் பிரிந்து பழைய ஓட்டைகளோடு கிடக்கும், எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று தெருமுனையில் நிற்பார்கள், அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஊசியைக் கோர்ப்பார். மற்றவர்களும் காதில் விரலை வைத்துப் பார்த்தார்கள், பஞ்சை அடைத்தும் பார்த்தார்கள், பயன் இல்லை, அந்த அடிச்சத்தம் நெஞ்செலும்பு வழியாக ஏறிவிடும். ஆனால் ஊதுகுழலுக்குப் பயந்து நடுங்கிய தன் நாயின் காதுகளை சூசை ஒரு நாள் உள்ளங்கையால் மூடினார், அன்று அந்த நாய் அவரோடு நின்றுகொண்டது, பின்னுக்குப் போகவில்லை. நாற்பது வருடம் எதையும் கேட்காதவரின் கைக்குள் சத்தம் நுழையவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கஸ்பார் அவருடைய கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் கோபுரக் கடிகாரத்தைத் திருத்துவான்.

டெல்ராயை எல்லோரையும்விட அதிகமாக ரசித்தவர் ஏலக்காரர் இஞ்ஞாசி. கடற்கரையில் மைக் இல்லாமல் ஏலம் கூறுகிறவர், அவர் குரல் ஐஸ் பேக்டரியைத் தாண்டி உப்பளம்வரை போகும் என்பார்கள். டெல்ராய் மூச்சு விடாமல் தாளத்தோடு பேசும்போதெல்லாம் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “இவன் நம்ம தொழில்காரன்டே, சரக்கு என்னன்னுதான் தெரியல, ஆனா நல்லா விக்கிறான்” என்று சொல்வார். இஞ்ஞாசியின் ஏலத்துக்கு ஒரு தனி நிறுத்தம் உண்டு. ஒரு தரம் என்பார், ரெண்டு தரம் என்பார், பிறகு கூட்டத்தின் தலைகளுக்கு மேலே, ஊரிலிருந்து கடற்கரைக்கு வரும் சந்துப் பாதையைப் பார்ப்பார், யாராவது ஓடிவருகிறார்களா என்று. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிற பெண்கள், பஸ்ஸைத் தவறவிட்ட வெளியூர் வியாபாரிகள், அந்த நிறுத்தத்துக்குள்தான் மூச்சிரைக்க வந்து சேர்வார்கள். சந்து காலி என்று கண்ணால் பார்க்காமல் அவர் மூன்றாம் தரம் சொன்னதே இல்லை.

அந்தக் குரலை அவருடைய ஒரே மகள் மெரிட்டா ஒருமுறை அடக்கச் சொன்னாள். பாளையங்கோட்டையில் அவள் கல்லூரியில் படித்தபோது இஞ்ஞாசி தூக்குவாளியில் மீன்குழம்போடு போய், மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் இருந்த மகளை ஏலக்குரலில் கூப்பிட்டார், தோழிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், கூச்ச சுபாவமுள்ள அந்தப் பெண் அருகில் ஓடிவந்து, “கொஞ்சம் மெதுவாப் பேசுங்கப்பா, அசிங்கமா இருக்கு” என்று சொன்னாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு வாளியைக் கொடுத்து வந்துவிட்டார். பிறகு அவள் சென்னையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போனாள், ரேடியோ ஊருக்கு வந்து ஆறாவது மாதம் இஞ்ஞாசியின் தொண்டையில் கட்டி வந்தது, எட்டாவது மாதம் குரல் முழுவதும் போனது. தான் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் போய் அவர் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது என்று மெரிட்டா நம்பினாள். மருந்து அனுப்பினாள், சம்பளத்தில் பாதியை அனுப்பினாள், தினமும் அம்மாவிடம் பேசினாள், ஊருக்கு மட்டும் வரவில்லை.

பதினான்காவது மாதத்தில் ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இஞ்ஞாசி மரக்கட்டிலில் படுத்தபடி விரல்களால் சட்டத்தில் தட்டிப் பேசினார். ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு தட்டு என்றால் வேறு ஒன்று, அது என்னவென்று வெகுநாள் அவர் மனைவி சலேத்துக்குப் புரியவில்லை. தட், தட் என்று தட்டிவிட்டு அவர் வாசலைப் பார்ப்பார். ஒரு நாள் அவள் அழுதுகொண்டே மகளுக்குப் போன் செய்து, “ஏட்டி, கொப்பன் ரெண்டு தரம் சொல்லிட்டு ஒனக்காக நிக்காவ” என்றாள். மெரிட்டா அன்று இரவே பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு, பஸ் வழியில் பழுதாகி நிற்கிறது, வந்து சேர இரண்டு மணி நேரமாகும் என்று அவளிடமிருந்து பெனிட்டாவின் போனுக்குச் செய்தி வந்தது. பெனிட்டா பக்கத்து வீட்டுப் பெண், சலேத்தின் முற்றத்தில்தான் நின்றிருந்தாள். கட்டிலருகே பங்குச் சாமியார் கடைசி எண்ணெய் பூசத் தயாராகிக்கொண்டிருந்தார். இஞ்ஞாசிக்காக ஜெபம் கேட்டு அறிவிக்கச் சொல்லியிருந்ததால் கோபுரத்தில் கஸ்பார் வழக்கப்படி முதலில் பாட்டை ஓடவிட்டான். அது மெதுவான ஒரு பழைய ரெக்கே, நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகம். மூன்றாவது நிமிடத்தில் இஞ்ஞாசியின் மூச்சு ஒரு படி இறங்கியது, இன்னொரு படி இறங்கியது, அடுத்த படி இல்லை. சலேத் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது டெல்ராய்க்குத் தானாகவே அந்தப் பாட்டு பிடித்துவிட்டது. ஊதுகுழல் அலறியது.

இஞ்ஞாசி கண்ணைத் திறந்தார். சாமியார் பூசிய எண்ணெய் நெற்றியிலிருந்து சிமிழுக்குத் திரும்பியிருந்தது. சலேத் அதுவரை அந்த ரேடியோவிடம் எதையும் கேட்டதில்லை, அந்தப் பாட்டுச் சத்தத்தில் ஒரு செபமாலை ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை என்று கஸ்பாரைத் திட்டுகிறவள்தான். அவள் எழுந்து முற்றத்துக்கு வந்தாள்.

“ஏ பெனிட்டா, அந்த மனுசன்கிட்ட சொல்லு. திருப்பிப் போடச் சொல்லு.”

“எத்தன தடவ சித்தி?”

“அவ வாற வரைக்கும்.”

அந்த ரேடியோவில் கேட்கிறவர்கள் எழுதிப்போடுவதற்கு ஒரு இடம் இருந்தது. பெனிட்டா எழுதினாள். மூன்றாவது நிமிடத்தில் இஞ்ஞாசி இறந்தார், ஊதுகுழல் அலறியது, இஞ்ஞாசி கண்ணைத் திறந்தார். பெனிட்டாவின் போனில் அவள் எழுதியது இல்லை, ஆனால் அது ஜமைக்காவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது, எங்களைத் தாண்டிப் போனது எதுவும் திரும்பி வராது. மறுபடி எழுதினாள். நான்காவது தடவையில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, யாரும் யாரையும் கேட்கவில்லை, டீக்கடையில் நின்றவர்களும் ஏலத்துக்கு வந்தவர்களும் குழாயடியில் நின்றவர்களும் அவரவர் போனை எடுத்துத் தெரிந்த எழுத்தில், சிலர் தமிழிலேயே, திருப்பிப் போடு என்று எழுதினார்கள். ஒரே ஊரிலிருந்து இருநூறு பேர் கேட்கிறார்கள் என்று டெல்ராய் திகைத்துப்போய்ச் சொன்னான். பிறகு, ஏன் என்று கேட்டான். இங்கே ஒருவர் இறந்துகொண்டிருக்கிறார், மகள் வழியில் இருக்கிறாள் என்று பெனிட்டா எழுதினாள். டெல்ராய் பாட்டின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பேசினான். தன் நாட்டிலும் ஒருவர் போனால் ஒன்பது இரவு பாட்டு போடுவார்கள், அவருக்கு வழி தெரியவேண்டும் என்பதற்காக, இது போகிறவருக்கா வருகிறவளுக்கா என்று கேட்டான். இரண்டு பேருக்கும் என்று பெனிட்டா எழுதியதும் ஊதுகுழலை அழுத்தினான்.

அப்படியாக எங்கள் ஊர் நான்கு நிமிடத்துக்குள் குடியேறியது. கடற்கரையில் மீன்கள் மறுபடி மறுபடி உயிரோடு துள்ளி, மறுபடி மறுபடி அடங்கின, சாதாரண நாளில் அதைக் கவனிக்காத பெண்கள் ஒன்பதாவது தடவையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த வியாபாரி ஒருவர் மட்டும், “இப்படியே நின்னா நான் என்னைக்குவே மார்க்கெட்டுக்குப் போறது, சரக்கு கெட்டுரும்லா” என்று கத்தினார்.

“எப்படிவே கெடும்? நாலு நிமிசத்துக்கு ஒருக்கா உசுரோட வருது. இதவிட பிரெஷ்ஷா ஒமக்கு எங்க கிடைக்கும்?” என்று மீன்கூடையோடு நின்ற ஒருத்தி சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள், அடுத்த தடவையும் அவர் கத்தினார், அவளும் சொன்னாள், சிரிப்பு குறைந்தது, அதற்கடுத்த தடவை அவர் கத்தவில்லை, போனை எடுத்து அவரும் எழுதினார்.

கரைக்கு வந்துகொண்டிருந்த ஒரு படகு அலைவாயில் ஏறி, கரையைத் தொடுவதற்கு ஒரு கயிறு தூரம் இருக்கையில் ஒவ்வொரு முறையும் அலைக்கு வெளியே போய் நின்றது. அதில் இருந்த நான்கு பேரும் பிறகு, உடம்பில் வலி இல்லை, முப்பத்தொரு முறை கரையைப் பார்த்ததுதான் வலிக்கிறது என்றார்கள். செபமாலை மணியை நகர்த்தினால் மணியும் பின்னுக்குப் போய்விடும் என்பதால் பெண்கள் எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டார்கள். வெயில் மட்டும் எங்களோடு திரும்பவில்லை, சூரியனுக்கு எங்கள் ஸ்பீக்கர் கேட்காது, அது தன்போக்கில் ஏறியது. நாங்கள் அதே இடத்தில், அதே காலைத் தூக்கி, அதே குடத்தை வைத்துக்கொண்டு நிற்க, எங்கள் நிழல்கள் குறுகிக்கொண்டே வந்தன.

சாமியார் எண்ணெய் பூசினார், எண்ணெய் திரும்பியது, மறுபடி பூசினார். பன்னிரண்டாவது தடவையில் பூசுவதற்கு முன்னால் இஞ்ஞாசியின் கண்களைப் பார்த்துத் தயங்கினார். ஏனென்றால் இஞ்ஞாசிக்கும் நினைவு போகவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் எங்கேயோ இறங்கிப்போய், அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, பாதியில் கூப்பிடப்பட்டு வந்தார். முதல் தடவைகளில் அவர் கண்ணில் பயம் இருந்தது, பிறகு அது இல்லை, அறைக்குள் இருக்கும் எங்களைவிட வேறு எதையோ அதிகம் அறிந்த பார்வை வந்தது, விளக்கையும் சுவரையும் மனைவியையும், நெடுநாள் முன்னால் விட்டுவந்த வீட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கட்டிலைச் சுற்றி ஈரமணலின் குளிர் நின்றது, எந்தப் புல்லப்பிலும் அது திரும்பிப் போகவில்லை.

சலேத் தன் கணவர் பத்தொன்பது முறை இறந்ததைப் பார்த்துவிட்டு இருபதாவது முறைக்கு முன்னால் குனிந்து கேட்டாள். “ரொம்பக் கஷ்டமா இருக்காய்யா? நிறுத்திரச் சொல்லட்டா?”

அவர் விரல் சட்டத்தைத் தேடியது. ஒரு தட்டு. இரண்டாவது தட்டு. பிறகு வாசலைப் பார்த்தார். மூன்றாவது தட்டு வரவில்லை.

“எழுதுட்டி” என்று சலேத் முற்றத்தைப் பார்த்துச் சொன்னாள்.

இருபத்திரண்டாவது தடவை பாட்டு ஓடியபோது மெரிட்டாவிடமிருந்து செய்தி வந்தது. பஸ்ஸை விட்டு வழியில் பிடித்த ஆட்டோக்காரர் ஊருக்குள் வரப் பயந்து உப்பள மதகில் இறக்கிவிட்டுப் போய்விட்டார், ஓடி வருகிறேன், இரண்டு முறை ஐஸ் பேக்டரிவரை வந்துவிட்டேன், இரண்டு முறையும் திரும்ப மதகில் நிற்கிறேன், என்ன செய்வது என்று கேட்டிருந்தாள். மதகுதான் எங்கள் ஸ்பீக்கர் கேட்கும் எல்லை, அங்கிருந்து வீட்டுக்குக் கால்மணி நேர நடை, பாட்டோ நான்கு நிமிடம். பாட்டை நிறுத்தினால் அவள் வரலாம், ஆனால் அவர் இருக்கமாட்டார். பாட்டை ஓடவிட்டால் அவர் இருப்பார், ஆனால் அவள் வரமுடியாது. பெனிட்டா அந்தச் செய்தியை உரக்கப் படித்தாள், படித்து முடிக்கும்போது ஊதுகுழல் அலறி, செய்தி போனிலிருந்து மறைந்தது, முற்றத்தில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் வேலியோரம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே சூசை நின்றுகொண்டிருந்தார்.

காலையிலிருந்து ஒன்றரை மணி நேரமாக அவர் மட்டும் தொடர்ச்சியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், எங்களுக்கு நான்கு நிமிடமாக இருந்தது அவருக்கு முழுக் காலையாக இருந்தது, கால் வலித்திருக்கும், யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. பெனிட்டா அவர் முன்னால் போய் உதடுகள் தெரியும்படி, “மெரிட்டா மதகுல நிக்கா மாமா” என்று சொல்லி, தன் இரண்டு காதுகளையும் தொட்டுக்காட்டினாள். அவர் சைக்கிளைப் பார்த்தார், ஊதுகுழல் அடித்தால் சைக்கிள் மட்டும் கழன்று வேலிக்குத் திரும்பிவிடும் என்று நினைவு வந்தது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.

அவர்கள் வந்ததை ஐஸ் பேக்டரிக்காரர்கள் முதலில் பார்த்தார்கள். முன்னால் மெரிட்டா, பின்னால் சூசை, தார் வாசனை அடிக்கும் அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் அவள் காதுகளின் மேல், இருவரும் ஒரே உருவம்போல அடியெடுத்து வைத்து வந்தார்கள். அவளுடைய பை ஒவ்வொரு ஊதுகுழலுக்கும் மதகுக்குப் போய்விட்டதால் இரண்டாவது முறையோடு அதை விட்டுவிட்டாள். அவர்கள் நடக்க நடக்க இருபுறமும் ஊர் அறுந்து அறுந்து பின்னுக்குப் போனது, கை காட்டியவர்கள் கை காட்டாதவர்களாக ஆனார்கள், கதவு திறந்தவர்கள் கதவுக்குள் போனார்கள், ஆனால் ஒருவர்கூட வழியில் குறுக்கே நிற்கவில்லை, அடுத்த தடவை அவள் எந்த இடத்தில் வருவாள் என்று கணக்கிட்டு விலகி நின்றார்கள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. சத்தமில்லாத அந்தத் தெருவில் ஊர் முழுவதும் தன்னைப் பார்ப்பதை அவள் தலையைக் குனிந்துகொண்டு கடந்தாள்.

முப்பத்தொன்றாவது முறை அவர் இறந்துகொண்டிருந்தபோது அவள் வாசலில் ஏறினாள். சூசையின் கைகளுக்குள் நின்று அப்பாவின் மூச்சு ஒவ்வொரு படியாக இறங்குவதையும், அடுத்த படி இல்லாமல் போவதையும், அம்மா அவர் முகத்தைப் பிடித்துக்கொள்வதையும் பார்த்தாள். ஊதுகுழல் அலறியிருக்க வேண்டும். அறையில் இருந்த எல்லோரும் ஒரு நொடியில் வேறு வேறு இடத்துக்கு மாறினார்கள். அவளும் சூசையும் மட்டும் அங்கேயே நின்றார்கள். இஞ்ஞாசி கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தார், அங்கே அவள் இருந்தாள்.

மெரிட்டா தன் கைகளை உயர்த்தி, சூசையின் கைகளைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். பாட்டு உள்ளே வந்தது.

கட்டிலருகே மண்டியிட்டு, “அப்பா” என்றாள்.

இஞ்ஞாசி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கி, காதருகே குவித்தார், கேட்கவில்லை என்பதுபோல. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சலேத், “பாரு, இப்பவும் கேலி” என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்பா” என்று மெரிட்டா கொஞ்சம் உரக்கச் சொன்னாள். அவர் கை காதிலேயே இருந்தது. “அப்பா!” என்றாள், முற்றம்வரை கேட்டது, அவர் கை இறங்கி அவள் உள்ளங்கைக்குள் போனது. பாட்டு இரண்டாவது நிமிடத்தில் இருந்தது. அவர் ஒன்றும் தட்டவில்லை, சாமியார் எண்ணெயைப் பூசினார், டெல்ராய் பாட்டுக்கு மேலே ஏதோ கேட்டான், எங்கள் ஊர்ப் பெயரைப் பாதியாக்கி, “கொடிமரம், இன்னொரு தடவையா?” என்று அவன் கேட்டதாகப் பெனிட்டா பிறகு சொன்னாள். முற்றத்திலும் தெருவிலும் டீக்கடையிலும் கடற்கரையிலும் எல்லோர் கையிலும் போன் இருந்தது. பெனிட்டா சலேத்தைப் பார்த்தாள். சலேத் மகளைப் பார்த்தாள். மெரிட்டாவின் உள்ளங்கையில் ஒரு விரல் அழுந்தியது. மறுபடி ஒருமுறை அழுந்தியது. அதன்பிறகு அவர் வாசலைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார், வழக்கமான அந்த நிறுத்தத்தில் நின்றார், இந்த முறை அது அவள் சொல்லவேண்டியதாக இருந்தது.

அவள் எழுந்து நின்றாள். வாழ்நாளில் ஒருமுறைகூடக் கூட்டத்தில் பேசியிராத அந்தப் பெண், ஐஸ் பேக்டரியையும் உப்பளத்தையும் தாண்டிப் போகும் அந்தக் குரலில், வீட்டுக்கூரை அதிர, “மூணு தரம்!” என்று கூறினாள்.

கடற்கரையில் ஏலத்துக்கு நின்றவர்கள் யாரும் சொல்லாமலேயே தலைத்துண்டை எடுத்தார்கள். இஞ்ஞாசியின் மூச்சு படியிறங்கியது. ஒருவரும் எழுதவில்லை. ஜமைக்காவில் டெல்ராய் காத்திருந்தான், ஊதுகுழலை அழுத்தவில்லை, பாட்டு நாங்கள் அதுவரை கேட்டிராத பகுதிக்குள் போனது. பாடுகிறவன் நின்றுகொண்டான், கூடப் பாடிய பெண்கள் ஒவ்வொருவராக நின்றார்கள், பிறகு மணலுக்குக் கேட்கும் அந்த அடிச்சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் நடந்தது, அதுவும் நின்றது. அலைவாயில் இருந்த படகு கரையைத் தொட்டது. மீன்கள் அசையாமல் கிடந்தன. எங்கள் நிழல்கள் பாதிக்கும் குறைவாகக் குறுகிக் கிடந்தன, கோபுரக் கடிகாரத்தில் மணி எட்டேகாலைக் கடந்து சில நிமிடம் ஆகியிருந்தது.

பாட்டு முடிந்ததும் அறிவிப்பு வரவேண்டும் என்பது வழக்கம். கஸ்பார் மைக்கைத் தட்டிப் பார்த்தான், ஒருமுறை, இன்னொரு முறை. ஊரே நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தது. செய்தியை எல்லோரும் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள் என்று அவனுக்கும் புரிந்தது, மைக்கை அணைத்தான். அணைத்த பிறகும் ஸ்பீக்கரிலிருந்து, வெகுநேரம், யாரோ அந்தச் சந்துப் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல ஒரு நிறுத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.